மாசம் 400 பை காளான் போடுறம், கையில ஒண்டும் நிக்குதில்லை. மெஷின் வாங்கினா சரிவருமோ?

இரத்மலானை_அக்கா எழுதினது:

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் இரத்மலானையில வீட்டுக்குப் பின்னால இருக்கிற தகரக் கொட்டில்ல காளான் செய்யிறம், சிப்பிக் காளான், நானும் இவரும்தான், இவருக்கு ஹோட்டல் வேலை போனாப்பிறகு துவங்கினது, இப்ப ரெண்டு வருசம் முடியுது. முதல்ல 50 பையில பழகி இப்ப மாசம் ஒருக்கா 400 பை போடுறம். ஊரில அம்மாட்ட கேட்டா நல்லாப் போகுது எண்டுதான் சொல்லுறனான், ஆனா நேற்று இரவு ரெண்டு பேரும் இருந்து கணக்குப் பாத்தம், பாத்துப்போட்டு ஒருத்தரோட ஒருத்தர் கதைக்காமல் படுத்திட்டம்.

கணக்கு இதுதான். ஒரு பைக்கு மரத்தூள், தவிடு, சுண்ணாம்பு, விதை, பொலித்தீன், விறகு எல்லாம் சேத்து 80 ரூபா, அப்ப 400 பைக்கு 32,000. அதில 90 பை மாதிரி பச்சைப் பூஞ்சணம் பிடிச்சு எறியிறம். மிச்சம் 310 பையில மூண்டு பறிப்பு எடுத்தா ஒரு பைக்கு 250 கிராம் மட்டில வருது. 200 கிராம் பக்கற்றா கட்டினா 387 பக்கற். கடைக்கு 130 ரூபாவுக்குக் குடுக்கிறம். அதில 60 பக்கற் மாதிரி வாடிப்போச்சு எண்டு திருப்பி அனுப்பிவிடுவினம். காசு வாறது 42,510. பக்கற் பொலித்தீன், ஸ்டிக்கர், ஓட்டோ காசு எல்லாம் 7,000. மிஞ்சினது 3,510 ரூபா. ரெண்டு பேரின்ர ஒரு மாச வேலை இது.

இவர் சொல்லுறார் புகார் மாதிரி தண்ணி அடிக்கிற மெஷினும் ஈரப்பதம் பாத்துத் தானா ஓன் ஓஃப் ஆகிற பெட்டியும் வாங்குவம், 65,000 வரும், லோன் எடுக்கலாம், விளைச்சல் கூடும் எண்டு. நான் யோசிக்கிறது காளானைக் காயவைச்சு பவுடர் செய்து விக்கலாமோ எண்டு, நெட்டில கனபேர் செய்யினம். எது சரி? எங்களிட்ட ரெண்டுக்கும் சேத்துக் காசு இல்லை, ஒருக்காத்தான் செலவழிக்கலாம். காளான்ர தண்டு நீளமா குடை சின்னனா வாறதும் ஒரு பிரச்சினை, அதுக்கும் ஆருக்காவது காரணம் தெரிஞ்சா சொல்லுங்கோ.

ஓய்வு_போதனாசிரியர் எழுதினது:

பிள்ளை, வணக்கம். நான் விவசாயப் போதனாசிரியரா இருந்து ஓய்வு எடுத்தனான், இப்ப வெள்ளவத்தையில மகளோட இருக்கிறன். நீங்கள் கணக்கை இப்பிடி மறைக்காமல் போட்டதே பாதி வேலை, கனபேர் பச்சை பிடிச்ச பையை எண்ணவே மாட்டினம், எண்ணினா மனம் நோகும் எண்டு.

லோனை இப்ப எடுக்காதேங்கோ. ஏன் எண்டு சொல்லுறன். தண்ணி புகார் அடிக்கிற மெஷின் வேலை செய்யிறது பை வெள்ளை ஓடி முடிஞ்சு, அதாவது காளான் வேர் வெள்ளையாப் பை முழுக்கப் பரவி முடிஞ்சு, காளான் முளைக்கிற நேரம். உங்கட 90 பை சாகிறது அதுக்கு முதலே. மெஷின் வந்தாலும் அந்த 90 சாகத்தான் போகுது. இப்ப அந்த 90ஐ 20 ஆக்கினீங்கள் எண்டு வையுங்கோ, 70 பை கூடுது, பைக்கு 250 கிராம் எண்டா பதினேழரைக் கிலோ, 87 பக்கற், 11,310 ரூபா. திரும்பி வாற 60 பக்கற்றும் விலைப்பட்டா 7,800. ரெண்டும் சேர 19,000க்கு மேல, ஒரு சாமானும் வாங்காமல்.

இனி பச்சைக்கு வருவம். பச்சை எங்க துவங்குது எண்டதைப் பாத்தாலே பிழை எங்க எண்டு தெரியும். பையின்ர நடுவில இல்லாட்டி அடியில, ஒரு கிழமைக்குள்ள பச்சை வந்தா அவிச்சது காணாது. வாயை அடைச்ச பஞ்சுக்குக் கீழ துவங்கினா விதை போடேக்க காத்துப் பட்டிருக்கு, இல்லாட்டிப் பஞ்சு நனைஞ்சிருக்கு. ஒரே விதைப் போத்தல்ல இருந்து போட்ட பை எல்லாம் வரிசையாப் போனா விதையில பிழை. ரெண்டாம் பறிப்புக்குப் பிறகு வாறது, பறிக்கேக்க அடிக்கட்டை உள்ளுக்க மிஞ்சி அழுகிறதாலயும் கூடத் தண்ணி அடிக்கிறதாலயும். ஆனபடியா இனிப் போடுற ஒவ்வொரு பையிலயும் மார்க்கர் பேனையால மூண்டு விசயம் எழுதுங்கோ, திகதி, அவிக்கிற பரல்ல மேல்தட்டோ கீழ்த்தட்டோ, எத்தினையாம் விதைப் போத்தல். ஒரு கொப்பியில எறியிற பையை அப்பிடியே பதியுங்கோ. ரெண்டு மாசத்தில உங்களுக்கே விளங்கும்.

அவிக்கிறதில எல்லாரும் விடுற பிழை, அடுப்பு மூட்டின நேரத்தில இருந்து மணித்தியாலம் எண்ணுறது. தார் பரல்ல 90, 100 பை அடுக்கினா நடுப்பைக்குச் சூடு போய்ச்சேரக் கனநேரம் எடுக்கும். பரல் வாயைத் தடிச்ச பொலித்தீனால கட்டி, அது நீராவியில பலூன் மாதிரி ஊதி நிக்குமெல்லோ, அந்த நேரத்தில இருந்துதான் எண்ணவேணும், அதுக்குப் பிறகு குறைஞ்சது மூண்டு மணித்தியாலம், நான் எண்டா நாலு விடுவன். பையை நெருக்கி இடிச்சு அடுக்கினா இடையில ஆவி போகாது.

கலவை, நாங்கள் சொல்லிக் குடுக்கிறது மரத்தூள் 10 கிலோ, தவிடு 1 கிலோ, கல்சியம் காபனேற்று 200 கிராம், சோயா மா அல்லது பயத்தம் மா 100 கிராம், எப்சம் உப்பு 20 கிராம். தவிடு கூடப் போட்டா விளைச்சல் கூடும் எண்டு சிலர் அள்ளிப் போடுவினம், அது பச்சைப் பூஞ்சணத்துக்குத்தான் சாப்பாடு. தண்ணி, ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பொத்துங்கோ, விரலிடுக்கால தண்ணி சொட்டக்கூடாது, கையை விரிச்சா உருண்டை உடையவும் கூடாது.

தண்டு நீளமா வாறது காத்து காணாமல். நீங்கள் ஈரம் போகக்கூடாது எண்டு ஜன்னலைப் பொலித்தீனால மூடியிருப்பீங்கள் எண்டு நினைக்கிறன். காளானும் மூச்சு விடுறது, கரியமில வாயு அடைஞ்சா தண்டு காத்தைத் தேடி நீளும். கீழப்பக்கமா நெற் அடிச்சு ரெண்டு ஓட்டை விடுங்கோ. ஈரத்துக்கு நிலத்தில மணல் பரவி நனையுங்கோ, சுத்தி நனைச்ச சாக்கு தொங்கவிடுங்கோ. கொழும்புக் காத்தில இயல்பாவே ஈரம் இருக்கு, ஒரு நாளைக்கு ரெண்டு மூண்டு தரம் கையால அடிச்சாக் காணும். தகரத்துக்கு மேல கிடுகு போட்டா மத்தியானச் சூடு இறங்கும்.

ஒண்டு கேக்க மறந்திட்டன், மரத்தூள் எங்க எடுக்கிறனீங்கள்?

இரத்மலானை_அக்கா எழுதினது:

ஐயா கும்பிடுறன், இவ்வளவு விளக்கமா ஆரும் எனக்குச் சொல்லேல்லை. ஜன்னல் மூடினது உண்மை, நாலு பக்கமும் மூடித்தான் வைச்சிருக்கிறம், உள்ளுக்க போனா எனக்கே இருமல் வரும்.

மரத்தூள் மொறட்டுவையில இருந்து வாறது, இவருக்குத் தெரிஞ்ச ஒரு தளபாடப் பட்டறை, சும்மாவே தருவினம், நாங்கள் ஓட்டோக் காசு மட்டும்தான். அதில பிழை இருக்கே?

ஓய்வு_போதனாசிரியர் எழுதினது:

பிள்ளை, அந்த மரத்தூளை இண்டைக்கே நிப்பாட்டுங்கோ. மொறட்டுவைப் பட்டறையில அறுக்கிறது ஒரு மரம் இல்லை, தேக்கு, மஹோகனி, பிளைவுட், எம்டிஎஃப் (மரத்தூளைப் பசை போட்டு அமத்தின பலகை) எல்லாம் ஒரே மெஷினில, தூள் எல்லாம் ஒரே குவியல். பிளைவுட்டில பசை இருக்கு, பூச்சி அரியாமல் இருக்க மருந்து ஏத்தின பலகையும் இருக்கும். காளான் வேர் அதில மெல்லமாத்தான் ஓடும், மெல்ல ஓடினா பச்சை முந்திக்கொள்ளும். எங்களுக்கு வேண்டியது மருந்து ஏத்த முதல் அறுத்த ரப்பர் மரத்தூள், களுத்துறை, ஹொரணைப் பக்கத்து மரஆலையில கிடைக்கும். இதுக்குக் காசு குடுக்க வேண்டிவரும், குடுங்கோ.

இருமல் காளான் வித்துத் தூளால. குடையின்ர விளிம்பு மேல வளைய முதல் பறிச்சா தூள் கொட்டுறது குறையும், நிறையும் நல்லா இருக்கும், பக்கற்றில நாள் கூட நிக்கும். மாஸ்க் போடாமல் உள்ளுக்க போகாதேங்கோ, இது வருசக்கணக்கா இழுத்தா நெஞ்சுக்குக் கூடாது.

தெஹிவளை_நானா எழுதினது:

தங்கச்சி, ஐயா வளர்க்கிற கதைய சொல்லிட்டாரு, நான் விக்கிற கதைய சொல்றேன். நான் இருவது வருஷமா மரக்கறி யாவாரம், முந்தி புறக்கோட்டை மெனிங் மார்க்கட், 2020 கடைசில அத பேலியகொடைக்கு கொண்டு போனதிலருந்து அங்க, ராவு ரெண்டு மணிக்கு போய் சாமான் எடுத்து தெஹிவளை, கல்கிஸ்ஸை கடைகளுக்கு போடுற. காளான நானும் கொஞ்ச காலம் போட்டேன், அதுல அடிபட்டு படிச்சதுதான் இது.

மொதல்ல அந்த 60 பக்கட்ட பாருங்க. காளான் வெளிய வச்சா ஒரு நாள், ரெண்டாம் நாள் ஓரம் மஞ்சளாகி பக்கட் உள்ளுக்க வேர்த்துரும். நீங்க பறிச்சி, கட்டி, அடுத்த நாள் கடைக்கு போட்டு, கடைக்காரர் அத வெளி ராக்கைல வச்சா அது கஸ்டமர் கைக்கு போக முன்னமே முடிஞ்சி. அதுக்கு மேல பெரிய கடைங்க சல்லி குடுக்குறது 30 நாள் 45 நாள் கழிச்சி, திருப்பி தாறது மட்டும் அடுத்த நாளே. எனக்கு ஒரு கடையில மூனு மாச சல்லி நின்டிச்சி, அத வாங்குறதுக்கே நான் செலவழிச்ச பெற்றோல் சொல்ல ஏலா. அவங்களுக்கு முழு விளைச்சலயும் குடுக்க வாணாம். மிஞ்சினத மட்டும் குடுங்க.

செய்ய வேண்டியது, பறிக்க முன்ன ஓடர் எடுக்குறது. வட்ஸப்ல ஒரு குரூப் போடுங்க, இரத்மலானை, கல்கிஸ்ஸை, தெஹிவளை, வெள்ளவத்தை, காலி வீதியோட நேரா போற லைன்தான், ஒரு ஓட்டோ ஒரு ஓட்டம். கெழமைக்கு ரெண்டு நாள் மட்டும். வெள்ளவத்தைல உங்கட ஆக்கள் வெள்ளிக்கெழம மச்சம் சாப்பிடாத வீடு மிச்சம் இருக்கு, அதனால வியாழன் பின்னேரம் ஒரு ரவுண்ட், போயாவுக்கு முதல் நாள் ஒரு ரவுண்ட். நவராத்திரி, கந்தசஷ்டி வார மாசம் முன்னமே கணக்கு பார்த்து பை போடுங்க, விதை போட்டு வெள்ளை ஓடவே ஒரு மாசம் மட்டுல போகும்தானே. ஆனா ஒன்னு, சில வீடுகள்ல விரதத்துக்கு காளான் சேர்க்க மாட்டாங்க, அத கேட்டுட்டு செய்ங்க, என்ட கஸ்டமர் ஒரு அம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும். வீட்டுக்கு நேர குடுத்தா 130க்கு இல்ல, 170, 180க்கு போகும், கடையில அவங்க வாங்குற வெலய விட அப்பவும் கொறைவு, இன்டைக்கு காலைல பறிச்சது எண்டு சொன்னா சந்தோஷமா எடுப்பாங்க.

ரெண்டாவது, உடைஞ்சது, சின்னது, தண்டு நீளமானது, அத பக்கட்ல சேர்க்க வாணாம். ரோல்ஸ், கட்லட் செய்ற வீடுகள், கொத்து ரொட்டி கடைகள், அவங்களுக்கு கிலோ கணக்கா பேக்ல போட்டு குடுங்க, வெட்டித்தானே போட போறாங்க. ஸ்டிக்கர் செலவும் இல்ல. பறிக்கிற அன்டு காலைல தண்ணி அடிக்க முன்னம் பறிங்க, ஈரத்தோட கட்டின பக்கட் ஒன்னும் நிக்காது, பொலித்தீன்ல ஊசி குத்தி நாலு ஓட்டை போடுங்க.

பவுடர் கதை. காளான்ல பத்துல ஒன்பது பங்கு தண்ணி. பத்து கிலோ காய வச்சா ஒரு கிலோ மட்டுலதான் கையில. பத்து கிலோவ பச்சையா வித்தா 50 பக்கட், 6,500 ரூபா, அப்ப அந்த ஒரு கிலோ பவுடர அதுக்கு மேல யாரு வாங்குவாங்கண்டு மொதல்ல ஆள தேடிட்டு இறங்குங்க. கொழும்பு வெயில நம்பி காய வைக்க ஏலா, மழைக்கோடு வந்தா பூஞ்சணம் பூத்துரும், கரண்ட் ட்ரையர் போட்டா பில் வந்து நிக்கும். சாப்பாட்டு சாமானா செஞ்சி விக்கிறதுண்டா உங்க ஏரியா பீஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) மாத்தயாட்டயும் போய் கேக்கணும்.

களுத்துறை_ரப்பர்_தோட்டம் எழுதினது:

அக்கா வணக்கம், எனக்கு ஊரு களுத்துறை மாவட்டம், தோட்டத்துல பொறந்து வளந்தவ, இப்ப கொழும்புல ஒரு ஆபீஸ்ல வேல. எங்க அம்மாவும் லயத்துல இன்னும் நாலு பேரும் சேர்ந்து காளான் பை பண்ணுறாங்க. காளான் விக்கிறது இல்ல, வெள்ளை ஓடுன பையா அப்படியே விக்கிறாங்க. மரத்தூள் பக்கத்து ஆலையில, வெறகு ரப்பர் கட்ட, எல்லாம் நடந்து போற தூரத்துல. எங்களுக்கு கொழும்பு வரைக்கும் காளான பறிச்சு கொண்டு வந்து விக்க முடியாது, பஸ்ல வர்றதுக்குள்ள நசுங்கிரும். உங்களுக்கு அதுக்கு எதிர்ப்பக்கம், வாங்குறவங்க வாசல்ல இருக்காங்க, வெறகும் எடமும் இல்ல. அதனால ஏன் முழு வேலையையும் நீங்களே செய்யணும்னு கேக்குறேன்.

எங்க அம்மாங்க ஒரு பை 115க்கு குடுக்குறாங்க, வண்டிக் காசு சேத்தா 125 ஆகும். நீங்க 80னு எழுதியிருக்கீங்க, ஆனா 32,000த்த உசுரோட இருக்குற 310ஆல வகுத்துப் பாருங்க அக்கா, 103 ரூபா வருது. அப்ப வித்தியாசம் 22 ரூபாதான், அதுல நீங்க ரெண்டு பேரும் கலந்து, அடைச்சு, அவிச்சு நாலு நாளு படுற பாடு மிச்சம், அந்த நேரத்துல நானா சொன்ன மாதிரி ஓடர் புடிக்கலாம்.

யாருக்கிட்ட வாங்குனாலும் சிலத கேட்டு வாங்குங்க. பை முழுக்க வெள்ளை ஓடி, மொட்டு வர முன்ன எடுக்கணும், மொட்டு வந்தது வண்டியில குலுங்கினா கருகிரும். வெயில்ல திறந்த லொறியில ஏத்தக்கூடாது, ரெண்டு மூனு அடுக்குக்கு மேல வைக்கக்கூடாது. மொத வாரத்துல பச்சை வந்தா மாத்தித் தருவாங்களானு முன்னாடியே பேசுங்க, நல்லா பண்ணுறவங்க ஒத்துக்குவாங்க. மொத தடவை 50க்கு மேல எடுக்காதீங்க. எங்களுக்கும் ஆரம்பத்துல ஒரு மழைக் காலத்துல செம்மஞ்சள் பூஞ்சணம் வந்து ஒரு அறையே போச்சு, அம்மா அழுதுட்டே எல்லாத்தையும் எரிச்சாங்க, அந்த தூள் ஒரு பையில வந்தா அடுத்த நாள் பக்கத்துப் பையிலயும் இருக்கும், அதனால பச்சையோ செம்மஞ்சளோ கண்டா கொட்டில்ல வச்சு பிரிக்காம ஈரத்துணி போத்தி அப்படியே வெளிய கொண்டு போங்க.

ஓய்வு_போதனாசிரியர் எழுதினது:

களுத்துறைத் தங்கச்சி சொல்லுற கணக்கு சரி, எனக்கு மறுப்பில்லை. ஆனா ஒரு பக்கத்தையும் பாருங்கோ. பச்சை 20க்கு இறங்கினா அதே 32,000த்தை 380ஆல பிரிக்கவேணும், பை 84 ரூபாதான், ரப்பர் மரத்தூளுக்குக் காசு குடுத்தாலும் 90ஐப் பெரிசாத் தாண்டாது. செய்யத் தெரிஞ்ச தொழிலை முழுக்கக் கைவிட்டா பிறகு ஆரும் விலையைக் கூட்டினா நீங்கள் பேசாமல் குடுக்கத்தான் வேணும். ரெண்டையும் ஒரு தரம் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பாருங்கோ. பறிச்சு முடிஞ்ச பழைய பையை எறியாதேங்கோ, பிரிச்சு ரெண்டு மாசம் உக்கவிட்டா பூச்சாடிக்கு நல்ல பசளை, கொழும்பில மொட்டை மாடியில மரக்கறி வைக்கிற ஆக்கள் காசு தந்து எடுப்பினம். வேற சந்தேகம் எண்டா விவசாயத் திணைக்களத்தின்ர 1920 எண்ட ஃபோன் நம்பருக்கு அடியுங்கோ.

இரத்மலானை_அக்கா எழுதினது:

ஒவ்வொருத்தருக்கும் எப்பிடி நன்றி சொல்லுறது எண்டு தெரியேல்லை. நேற்று முழுக்க கொட்டில்ல இருந்தனான். போன முறை நாலு பரல் அவிச்சது, எறிய வைச்சிருந்த பையை ஒவ்வொண்டா வெளிச்சத்தில பிடிச்சுப் பாத்தன், முக்கால்வாசி நடுவில இருந்துதான் பச்சை, வாய்ப்பக்கம் வெள்ளையாத்தான் கிடக்கு. அப்பதான் ஞாபகம் வந்தது, கடைசிப் பரலை இரவில அவிச்சது, பக்கத்து வீட்டு அன்ரி புகை உள்ளுக்க வருது, பேரப்பிள்ளைக்கு இளைப்பு எண்டு சொல்ல, ஒண்டரை மணித்தியாலத்தில நெருப்பை இழுத்திட்டம். அவ சொன்னது நியாயம், நாங்கள் அதுக்குப் பிறகு அந்தப் பரலைத் திருப்பி அவிக்காமல் விட்டதுதான் பிழை. இவரிட்டக் காட்டினன், ஒண்டும் சொல்லேல்லை, கொஞ்ச நேரத்தால போய் ஜன்னல் பொலித்தீனைக் கழட்டினார்.

மெஷினும் இல்லை பவுடரும் இல்லை இப்போதைக்கு. அடுத்த மாசம் 50 பை களுத்துறைப் பக்கம் வாங்கி, 150 பை ரப்பர் மரத்தூளில நாங்களே பகல்ல, அன்ரி மகள் வீட்டுக்குப் போற ஞாயிற்றுக்கிழமை பாத்து அவிக்கப்போறம். 400 போடேல்லை. வட்ஸப் குரூப்புக்கு இண்டைக்கு 14 பேர் சேந்திருக்கினம், அதில 9 பேர் வெள்ளவத்தை. கொப்பி வாங்கிட்டன்.

ஐயா, ஒரு சின்ன விசயம், பரலுக்க பையை வைக்கிற தட்டு எங்களுக்கு இரும்பு, கறள் பிடிச்சு உடைஞ்சு போச்சு. செங்கல் வைச்சு மேல பலகை போடலாமோ? தண்ணி எவ்வளவு விடுறது?

ஓய்வு_போதனாசிரியர் எழுதினது:

போடலாம் பிள்ளை. செங்கல்லை நிமித்தி வையுங்கோ, மேல இடைவெளி விட்டுச் சலாகை அடிச்ச பலகை, அதுக்கு மேல ஒரு சாக்கு. தண்ணி ஒரு ஆறு அங்குலம், பலகைக்குக் கீழதான் நிக்கவேணும், அடிப்பை தண்ணியில முட்டக்கூடாது. இடையில வத்தினா பச்சைத் தண்ணி விடாதேங்கோ, கொதிச்ச தண்ணி பக்கத்தில வைச்சிருந்து விடுங்கோ, இல்லாட்டி ஆவி நிண்டுபோகும், பிறகு முதல்ல இருந்து எண்ணவேணும்.